பழைய ரகங்களை எங்கே காப்பது: குளிரறையிலா, வயலிலா, காட்டிலா?

ஒரு விவசாயிகள் குழுவிடம் முப்பது பழைய நெல் ரகங்கள் இருக்கின்றன. வேறொரு குழுவிடம் பத்துப் பதினைந்து வகைக் கிழங்குகள். பயிரிட்டு வருகிறவர்களுக்கு வயதாகிவிட்டது. பணமும் ஆளும் குறைவு. இவற்றை அடுத்த தலைமுறையின் கையில் சேர்க்க எந்த வழிக்கு முதலில் செலவழிப்பது? உலர்த்திக் குளிரறையில் வைப்பதா, ஆண்டுதோறும் வயலில் விதைப்பதா, பொது விதைச் சேமிப்பு ஒன்றைத் தொடங்குவதா? ஆராய்ச்சி நிலையத்துக்காரர்களைக் கேட்டால் குளிரறை என்பார்கள். விதை இயக்கத்தில் இருப்பவர்கள் வயல்தான் என்பார்கள். பூட்டி வைத்த விதை செத்த விதை என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பயிர் எப்படி இனம் பெருக்குகிறது என்பதைப் பார்த்துத்தான் இதைத் தீர்மானிக்கவேண்டும். நெல், கோதுமை, பார்லி போன்றவற்றுக்குக் குளிரறை முதலில், வயல் அடுத்து. மக்காச்சோளம், கம்பு போன்றவற்றுக்கு இரண்டும் ஒரே நேரத்தில். கிழங்குக்கும் வாழைக்கும் வயல் முதலில். காட்டில் வளரும் உறவினங்களுக்கு அவை வளரும் நிலமே முதலில்.

இன்று உலகம் தாவரங்களிலிருந்து பெறும் உணவாற்றலில் பாதிக்கு மேல் அரிசி, கோதுமை, மக்காச்சோளம் என்ற மூன்று பயிர்களிலிருந்து வருகிறது. இதைக் கேட்டதும் பயிர்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்றுதான் முதலில் தோன்றும். எனக்கு அதைவிடக் கவலை தருவது ஒவ்வொரு பயிருக்குள்ளும் இருந்த வேறுபாடு மறைவதுதான். மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் தியோசின்டே என்ற புல்லிலிருந்து மக்காச்சோளம் உருவானது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மக்கள் கடற்கரைக்கும் போனார்கள், மூவாயிரம் மீட்டர் உயரத்துக்கும் போனார்கள். போன இடமெல்லாம் அந்தந்த வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற கதிரைப் பொறுக்கிப் பொறுக்கி விதைத்தார்கள். நெல் யாங்சி ஆற்றங்கரையில் ஒருமுறை பயிராக்கப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் வேறொரு காட்டு நெல்லிலிருந்து தனியாக இன்னொருமுறை பயிராக்கப்பட்டது. வெள்ளம் ஏற ஏறத் தண்டை நீட்டி, பல மீட்டர் தண்ணீருக்கு மேலும் கதிரைத் தூக்கி நிறுத்தும் ஆழநீர் நெல் உண்டு. ஆண்டிஸ் மலையில் மட்டும் உருளைக்கிழங்கில் சில ஆயிரம் நாட்டு ரகங்கள் உண்டு. இவற்றை எந்த ஆய்வகமும் தோற்றுவிக்கவில்லை. விதைத்து, சமைத்து, பிடித்ததை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைத்தவர்கள் உண்டாக்கியது.

அந்த வேறுபாடு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வரலாறு இரண்டு கடுமையான விடைகளைத் தந்திருக்கிறது. அயர்லாந்தின் ஏழைகள் 'லம்பர்' என்ற ஒரே உருளைக்கிழங்கு ரகத்தை நம்பியிருந்தார்கள். கிழங்கிலிருந்தே கிழங்கு வருவதால் ஒவ்வொரு செடியும் மற்றதன் அச்சு. 1845-இல் கருகல் நோய் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், ஏறத்தாழ அதே அளவு பேர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். பட்டினிக்கு அரசியலும் நிலவுடைமையும் பெருங்காரணங்கள்; ஆனால் நோய் ஒரே வீச்சில் நாடு முழுவதும் பரவியதற்கு அந்த ஒரே ரகம் காரணம். 1970-இல் அமெரிக்காவில் மக்காச்சோளத்துக்கு இலைக்கருகல் வந்தபோது, அங்கு விதைத்த மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் 'டெக்சஸ் சைட்டோபிளாசம்' என்ற ஒரே ஆண்மலட்டு (மகரந்தம் தராத) தாய்வழியில் வந்த வீரிய ஒட்டு விதை. பெயரால் பல ரகங்கள், உள்ளே ஒரே பலவீனம். நாட்டின் மொத்த விளைச்சலில் சுமார் 15 சதவீதம் ஒரே பருவத்தில் போயிற்று.

குளிரறை

விதையைக் குளிரில் வைப்பதைப் பற்றிப் பேசும்போது சோவியத் தாவர அறிவியலாளர் நிகலாய் வாவிலோவைத் தாண்டிப் போக முடியாது. பயிர்கள் எங்கே தோன்றினவோ அங்கேதான் அவற்றின் வேறுபாடு மிகுதியாக இருக்கும் என்று கருதி, ஐந்து கண்டங்களில் அலைந்து விதை திரட்டியவர் அவர். லெனின்கிராடு நிலையத்தில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. 1940-இல் ஸ்டாலின் ஆட்சி அவரைக் கைது செய்தது; 1943 ஜனவரியில் சரடோவ் சிறையில் பசியாலும் நோயாலும் இறந்தார். அதே காலத்தில், 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை நீடித்த, ஜெர்மானியப் படையின் லெனின்கிராடு முற்றுகையில், அவருடைய நிலையத்தின் ஆட்கள் மூட்டை மூட்டையாக நெல்லும் கோதுமையும் வேர்க்கடலையும் சூழ்ந்திருக்கப் பட்டினியால் செத்தார்கள். நெல் பிரிவைப் பார்த்துவந்த திமித்ரி இவானோவ் அவர்களில் ஒருவர். விதைநெல்லைக் குத்திச் சமைக்காதவர்கள் என்று யாரையாவது சொல்லவேண்டுமென்றால் இவர்களைத்தான் சொல்லவேண்டும். விதை வங்கி என்றாலே உயிரில்லாத குளிர்ப்பெட்டி என்று பேசுகிறவர்கள் இந்த மனிதர்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

குளிரறையின் பெரிய வலிமை, இன்று யாருக்கும் வேண்டாத விதையையும் அது வைத்துக்கொள்ளும் என்பது. 1948-இல் தாவர ஆய்வாளர் ஜாக் ஹார்லன் கிழக்குத் துருக்கியில் ஒரு கோதுமையை எடுத்துவந்தார். தண்டு மெலிந்தது, சாயும், குளிரைத் தாங்காது, ரொட்டிக்கும் ஆகாது. பி.ஐ. 178383 என்று எண்ணிட்டுப் பதினைந்து ஆண்டுகள் அலமாரியில் போட்டுவைத்தார்கள். 1960-களில் வடமேற்கு அமெரிக்காவில் மஞ்சள் துரு நோய் பரவியபோது தேடிப் பார்த்தால், அந்த நோயின் பல வகைகளையும் கரிப்பூட்டை நோயின் பல வகைகளையும் தாங்கும் குணம் அந்த உதவாத கோதுமைக்குள் இருந்தது. எந்த விவசாயியும் அதை விரும்பி அங்கே விதைத்திருக்கமாட்டார். வயலை மட்டும் நம்பியிருந்தால் அது அமெரிக்காவில் என்றோ அழிந்திருக்கும்.

இதைவிடத் திகைக்க வைப்பது நெல்லின் கதை. புகையான் பூச்சி பரப்பும் ஒரு வைரஸ், பயிரைப் புல்போலக் குட்டையாக்கிக் கதிரே வராமல் செய்தது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் குர்தேவ் குஷ் குழுவினர் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த 'ஒரைசா நிவாரா' என்ற காட்டு நெல்லின் ஒரே ஒரு மாதிரியில்தான் எதிர்ப்புச் சக்தி இருந்தது. அந்த மாதிரிக்குள்ளும் சில செடிகளில் மட்டுமே. 1976-இல் வெளியான ஐ.ஆர்.36 ரகத்தில் அந்தக் குணம் இருந்தது. 1980-களில் உலகிலேயே மிக அதிகப் பரப்பில் விளைந்த நெல் அதுதான்.

வேலைமுறையும் எளிது. நெல், கோதுமை, பார்லி, சோளம் எல்லாமே உலர்வைத் தாங்கும் விதைகள். ஈரப்பதம் ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் விதையின் ஆயுள் இரட்டிக்கும் என்றும், வெப்பம் ஒவ்வோர் ஐந்து டிகிரி குறையும்போதும் இரட்டிக்கும் என்றும் ஜேம்ஸ் ஹாரிங்டன் வகுத்த தோராயக் கணக்கை இன்றும் கைக்கணக்காகப் பயன்படுத்துகிறார்கள். 14 சதவீத ஈரத்தில் இருக்கும் விதையை 9 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால், குளிர்ச்சியே இல்லாமல் ஆயுள் ஏறத்தாழ 32 மடங்கு. குளிர்ப்பெட்டி வாங்க நன்கொடை தேடும் குழுக்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்: காற்றுப்புகாத டப்பாவும் ஈரம் உறிஞ்சும், நன்றாக உலர்ந்த சிலிக்கா ஜெல்லும் முதலில், மின்சாரம் பிறகு. சரியாக உலராத விதையை உறைகுளிரில் வைத்தால் உள்ளே பனி உறைந்து முளையே செத்துவிடும். உலக அளவில் வங்கிகள் பின்பற்றும் முறை, உலர்த்தி மூடி மைனஸ் 18 டிகிரியில் வைப்பது. முளைப்புத்திறன் தொடக்க அளவில் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் முன் எடுத்து விதைத்துப் புதுவிதை எடுப்பது.

இனி அதன் குறைகள். கட்டடம் என்றால் அது எரியும், மூழ்கும், கொள்ளை போகும். பிலிப்பைன்ஸின் தேசிய விதை வங்கியில் 2006-இல் புயல்வெள்ளம் புகுந்தது, 2012-இல் தீப்பிடித்தது. ஆப்கானிஸ்தானில் விதை வைத்திருந்த ஜாடிகளுக்காகக் கொள்ளையடித்தவர்கள் விதையைத் தரையில் கொட்டிவிட்டுப் போனார்கள். ஈராக்கின் அபு கிரைபு வங்கி 2003 போரில் அழிந்தது. ஆனால் அங்கிருந்த அறிவியலாளர்கள் 1996-லேயே முக்கியமான விதைகளைப் பெட்டியில் போட்டு சிரியாவின் அலெப்போ அருகே இருந்த, வறண்ட நிலப் பயிர்களுக்கான இகார்டா என்ற சர்வதேச ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பிறகு சிரியாவிலும் போர். இகார்டா தன் விதைகளின் நகலை நார்வேயின் ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்துக்கு அனுப்பி வைத்திருந்ததால், 2015-இல் அங்கிருந்து திரும்பப் பெற்று லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்து மீட்டது. 2017-இல் புதுவிதையை மறுபடி ஸ்வால்பார்டில் வைத்தது. 2008-இல் திறந்த அந்தப் பெட்டகத்திலிருந்து முதன்முதலாக விதை வெளியே வந்தது அந்த 2015-இல்தான். குளிரறை ஒன்று போதாது என்பதற்கும், இரண்டு இருந்தால் எவ்வளவு உதவும் என்பதற்கும் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அடுத்த குறை ஆழமானது. குளிரில் இருக்கும் விதை அடைத்த நாளிலேயே நின்றுவிடுகிறது. வெளியே நோய் மாறிக்கொண்டே இருக்கிறது, மழை மாறுகிறது. கூடவே, எப்போது விதைப்பது, எந்த மண்ணுக்கு ஆகும், எதற்குச் சமைப்பது என்ற அறிவு உறைக்குள் போவதில்லை. ஓர் எண், ஓர் இடப்பெயர், ஒரு தேதி; பல மாதிரிகளில் அவ்வளவுதான் எழுதியிருக்கும்.

வயல்

வயலில் இருக்கும் ரகம் மாறிக்கொண்டே வாழ்கிறது. கலிபோர்னியாவில் 1920-களின் இறுதியில் 28 பார்லி ரகங்களை ஒன்றோடொன்று இனக்கலப்புச் செய்து ஒரு கலவைப் பயிர்க்கூட்டத்தை உண்டாக்கி, ஆண்டுதோறும் அதன் விதையையே விதைத்துவந்தார்கள். யாரும் பொறுக்கவில்லை, வயலே பொறுக்கியது. பல பத்தாண்டுகளில் விளைச்சலும் நோய் தாங்கும் திறனும் உயர்ந்தன. குளிரறையில் இது நடக்காது.

வேறுபாடு வயலில் அந்தப் பருவத்திலேயே பயன் தருவதும் உண்டு. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் குலைநோய்க்கு எளிதில் ஆளாகும், சமைத்தால் ஒட்டிக்கொள்ளும் பசையரிசி ரகங்களை, நோய் தாங்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கு இடையே வரிசையாக ஆயிரக்கணக்கான வயல்களில் நட்டுப் பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, தனியாக நட்டபோது இருந்ததைவிட அந்த ரகங்களில் குலைநோயின் தீவிரம் 94 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 89 சதவீதம் கூடியது. பழைய ரகத்துக்கு மக்களிடம் நல்ல மதிப்பு இருந்ததால்தான் அதைக் காப்பாற்ற இந்த வழியைத் தேடினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு ரகத்தை விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கும்வரை அதற்கு வயலில் இடமுண்டு. அந்தச் சமையல் மறைந்தால், மானியம் கொடுத்தும் நெடுநாள் நிறுத்த முடியாது. வயல்வழிப் பாதுகாப்பை மதிப்பிட நான் முதலில் கேட்கும் கேள்வியும் அதுதான்: இதை இன்னும் யாராவது விரும்பிச் சமைக்கிறார்களா?

வயலின் பலவீனம் பஞ்சம். 1984-இல் எத்தியோப்பியாவில் விதைக்கு வைத்ததையும் தின்றே உயிர் பிழைக்கவேண்டிய நிலை வந்தது. அப்போது அந்நாட்டின் மரபணு வங்கி என்னும் விதைக் காப்பகத்தை நடத்திவந்த மெலாக்கு வொரேடே, மறையும் முன் விதைகளைத் திரட்டியதோடு நிற்கவில்லை. திரட்டியவற்றை விவசாயிகளிடமே திருப்பிக் கொடுத்து அவர்கள் வயலிலேயே மேம்படுத்தும் முறையை வளர்த்தார். 1989-இல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. இன்று பல நாடுகளில் காணும் சமூக விதை வங்கிகளில் அந்த எண்ணத்தின் தடம் இருக்கிறது. அத்தகைய வங்கியை நான் தனி வழியாக எண்ணவில்லை. வயலுக்குத் துணைநிற்கும் சேமிப்பு அது: ஒரு பருவம் பொய்த்தால் மறுபருவத்துக்கு விதை. நாட்பட்ட காப்புக்கு அது போதாது, ஏனென்றால் சாதாரண அறை வெப்பத்தில் ஈரக்காற்றுள்ள இடங்களில் இரண்டு மூன்று ஆண்டிலேயே முளைப்பு சரியத் தொடங்கும்.

இங்கே தன்மகரந்தச் சேர்க்கைக்கும் அயல்மகரந்தச் சேர்க்கைக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். நெல்லை அடுத்தடுத்த பாத்திகளில் விதைத்தாலும் பெரிதாகக் கலக்காது. அறுவடையில் கை கலக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றில் பறக்கும். இரண்டு ரகத்தைப் பக்கத்தில் நட்டு ஒரே நேரத்தில் பூக்கவிட்டால் அடுத்த ஆண்டு இரண்டுமே பழைய ரகமாக இருக்காது. அதிலும் பத்து இருபது செடியிலிருந்து மட்டும் விதை எடுத்தால் ரகத்துக்குள் இருந்த வேறுபாடு சுருங்கி, செடிகள் ஆண்டுக்காண்டு நலியும்; நூறு கதிருக்குக் குறையாமல் எடுக்கவேண்டும். கம்புக்கும் இதே கவனம் தேவை. ஆகவே ஒரே தோட்டத்தில் முப்பது மக்காச்சோள ரகம் காப்பது என்பது நடக்காத காரியம். ஒரு வீட்டுக்கு ஒரு ரகம் என்று பிரித்துக்கொடுப்பதே வழி.

கிழங்கும் வாழையும்

உருளைக்கிழங்கு, மரவள்ளி, சேம்பு, பெருவள்ளி, வாழை ஆகியவற்றில் ரகம் என்பது துண்டிலும் கன்றிலும் கிழங்கிலும்தான் இருக்கிறது. விதை வந்தாலும் அது வேறொரு செடியாகப் பிறக்கும். உலர்த்தி உறையில் போடும் வழி இவற்றுக்கு இல்லை. ஆய்வகங்கள் இவற்றைத் திசு வளர்ப்புக் குழாய்களில் வைக்கின்றன: மரவள்ளியை கொலம்பியாவில், உருளைக்கிழங்கை லிமாவில், வாழையை பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில். குழாயில் வளர்வதைக் குறிப்பிட்ட இடைவெளியில் வெட்டி மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும்; அது வேண்டாமென்றால் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் நுனிமொட்டை உறையவைக்கலாம். இரண்டுக்கும் பயிற்சி பெற்ற ஆட்களும் விடாத செலவும் வேண்டும். சிறு குழுவின் சக்திக்கு அப்பாற்பட்டவை.

வயலிலும் சிக்கல் உண்டு. கிழங்கிலிருந்து கிழங்காக வைரஸ் சேர்ந்துகொண்டே போகும், விளைச்சல் இறங்கும். இங்கேதான் வயலும் ஆய்வகமும் ஒன்றுக்கொன்று உதவிய மிக நல்ல எடுத்துக்காட்டு வருகிறது. பெருவின் கஸ்கோ அருகே பீசாக்கில் கெச்சுவா மக்களின் சமூகங்கள் சேர்ந்து 'உருளைக்கிழங்குப் பூங்கா'வை நடத்துகின்றன. முன்பு அவர்கள் மலையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ரகங்கள் லிமாவின் சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தில் இருந்தன. 2004-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி சுமார் 400 ரகங்கள், வைரஸ் நீக்கப்பட்டு, மலைக்கே திரும்பின. வெப்பம் ஏறுவதால் அங்கே நடவு மேலே மேலே நகர்கிறது. எந்த ரகம் எந்த உயரத்தில் நிற்கும் என்பதை அந்தச் சரிவில்தான் கண்டறிய முடியும், லிமாவின் குழாயில் முடியாது. அவர்களே தங்கள் உருளைச் செடியின் காயில் விளையும் விதைகளை ஸ்வால்பார்டுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ரகம் அப்படியே விதையில் போகாது, அதன் மரபணுக்கள் போகும். அதுவும் ஒரு காப்புதான்.

காட்டு உறவினங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், வழி ஒன்றுதான் என்பதால். ஒரைசா நிவாரா போன்ற காட்டுச் செடியை யாரும் விதைத்து வளர்ப்பதில்லை. அதன் விதை முற்றியதும் உதிர்ந்துவிடும், முளைப்பும் ஒரே சீராக வராது. நிலம் இருந்தால் அது இருக்கும். ஆர்மேனியாவில் காட்டுக் கோதுமைக்காகவே 1981-இல் எரெபுனி காப்பகம் ஏற்பட்டது. மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மலையில் 1970-களின் இறுதியில் கண்டறியப்பட்ட பல்லாண்டுத் தியோசின்டேயைக் காக்க 1987-இல் மனன்ட்லான் உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. அங்கே ஒரு பாடம் கிடைத்தது: அந்தப் புல் கைவிட்ட மக்காச்சோளக் கொல்லைகளிலும் மாடு மேயும் இடங்களிலும்தான் செழிக்கிறது. வேலி போட்டு மனிதரையும் மாட்டையும் வெளியேற்றினால் மரமும் புதரும் மூடி அது குறைகிறது. காப்பகம் என்றால் அங்கே வாழ்கிறவர்களையும் சேர்த்தே திட்டமிடவேண்டும்.

இப்போது தீர்மானம்

தானியம் வைத்திருக்கும் குழுவுக்கு: ஒவ்வொரு ரகத்தையும் உலர்த்தி மூடி ஒரு பங்கைத் தங்களிடம், ஒரு பங்கைத் தொலைவிலுள்ள ஒரு மரபணு வங்கியில் இந்தப் பருவத்திலேயே வையுங்கள். அதற்கு ஆகும் உழைப்பு குறைவு, பயன் உடனடி. அது முடிந்தபின் எந்தெந்த ரகத்தை யார் விரும்பிச் சாப்பிடுகிறார்களோ அவற்றை மட்டும் வயலில் தொடருங்கள். முப்பதையும் ஆண்டுதோறும் விதைக்க முயன்று, நான்காம் ஆண்டில் களைத்துப்போய் முப்பதையும் இழப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கிழங்கு வைத்திருப்பவர்களுக்கு வரிசை தலைகீழ். ஒவ்வொரு ரகமும் மண்ணும் ஈரமும் வேறுபட்ட மூன்று வீடுகளிலாவது நடப்பட்டிருக்கவேண்டும். ஒரே வீட்டில் மட்டும் மிஞ்சியிருக்கும் ரகமும், இலை சுருண்டு நலிந்துவரும் ரகமும் முதலில் திசு வளர்ப்புக்குப் போகட்டும். மற்றவை காத்திருக்கலாம். அயல்மகரந்தத் தானியங்களுக்கு, முன்னே சொன்னபடி, ஒரு வீடு ஒரு ரகம். உறையில் வைக்கும் விதையும் நூறு கதிருக்குக் குறையாமல் கலந்ததாக இருக்கவேண்டும்.

எந்த வழியானாலும் உறையோடு ஒரு தாள் போகட்டும்: ரகத்தின் பெயர், வேறு பெயர்கள், விதைக்கும் மாதம், மண், நாள் கணக்கு, சமைக்கும் விதம், பயிரிட்டவர் சொன்ன குறையும் நிறையும். குறைகளே நிறைந்த ஹார்லனின் கோதுமைதான் பிறகு உதவியது என்பதை நினைவில் வையுங்கள்.

வங்கியிடம் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். 2001-இல் ஏற்கப்பட்டு 2004-இல் நடைமுறைக்கு வந்த பயிர் மரபுவள உடன்படிக்கை, 64 உணவு, தீவனப் பயிர்த் தொகுதிகளைக் கொண்ட பட்டியலுடன் உருவானது. நெல், கோதுமை, மக்காச்சோளம், உருளை, மரவள்ளி, வாழை அதில் உண்டு. சோயாவும் வேர்க்கடலையும் இல்லை. பட்டியலில் உள்ள பயிர் பொது வங்கிக்குப் போனால், ஒரே மாதிரியான பரிமாற்ற ஒப்பந்தத்தின்கீழ் ஆய்வுக்கும் இனப்பெருக்கத்துக்கும் மற்றவர்கள் கேட்டுப் பெறலாம். அது வேண்டாம் என்று நினைக்கும் குழு, கொடுத்தவருக்கு மட்டுமே திருப்பித்தரும் நகல் காப்பு முறையைக் கேட்கலாம். ஸ்வால்பார்டு அப்படித்தான் இயங்குகிறது. கேட்டால் எவ்வளவு விதை, எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித்தர மறுக்கும் இடத்துக்கு விதையை அனுப்பாமல் வேறு வங்கியைத் தேடுங்கள்.